சீஸ் ஆன ஆர்எக்ஸ் 100: காரணம் கண்டு என்ஜின் கட்டுவது

மண் தடத்தில் முழு ஆக்சிலேட்டரில் போகும் ஆர்எக்ஸ் 100 சீஸ் ஆகும் முன் பெரும்பாலும் ஓர் அறிகுறி தரும். இழுவை சட்டென்று விழும், சத்தம் கம்மும், அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இழுவை விழும்போதே கிளட்சைப் பிடித்துவிட வேண்டும். பழைய டூ-ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்கள் இரண்டு விரலைக் கிளட்ச் லீவர் மேலேயே வைத்திருப்பது இதற்காகத்தான்.

வண்டி நின்று அரை மணி நேரம் ஆறினால் கிக்கர் மறுபடி இறங்கும். "விட்டுருச்சு" என்று கிக் அடித்து வீடுவரை ஓட்டிவருவதுதான் பலரும் செய்வது. அதை மட்டும் செய்யாதீர்கள். பிஸ்டனிலிருந்து உரிந்த அலுமினியம் போர் சுவரில் அப்பியிருக்கும். அதன் துகள்கள் கீழே இறங்கி கிராங்க் பேரிங்கிலும் ராட்டின் பெரிய முனைப் பேரிங்கிலும் சிக்கினால், மேலே மட்டும் முடிந்திருக்க வேண்டிய வேலை முழு என்ஜின் வேலையாகிவிடும். வண்டியைத் தள்ளிக்கொண்டோ குட்டி யானையில் ஏற்றியோ வாருங்கள்.

சீஸ் ஆன என்ஜினுக்குப் பட்டறையில் நடக்கும் வைத்தியம் எல்லோருக்கும் தெரியும்: ஹெட்டைத் திற, போர் போடு, புது பிஸ்டன் கிட் மாட்டு, சாயங்காலம் வண்டியை எடுத்துப்போ. இப்படிக் கட்டிய என்ஜின் சில மாதங்களிலேயே மறுபடி பிடித்துக்கொண்டால் பழி பிஸ்டன் கம்பெனி மேல் விழும். பிஸ்டன் பிடித்துக்கொண்டது விளைவு. காற்று எங்கோ கசிந்தது, ஆயில் வரவில்லை, தூசி உள்ளே போனது, டைமிங் முந்தியது — இவற்றில் ஏதோ ஒன்று காரணம். அந்தக் காரணம் என்ஜினிலேயே உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு நல்ல பிஸ்டனைப் போட்டாலும் தாங்காது. அதனால் பிரிப்பது எப்படி என்பதைவிட, பிரிக்கும்போது எதைப் பார்ப்பது என்பதற்கே இந்த அத்தியாயத்தில் அதிக இடம்.

அவசரம் வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985-ல் கொண்டுவந்த இந்த வண்டியின் உற்பத்தி 1996-ல் நின்றுவிட்டது. 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், 98 சி.சி., 11 குதிரைத்திறன். கம்பெனி பிளாக் இனி வராது; இருப்பதுதான் இருப்பு. பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று நான்கு ஓவர்சைஸ்களில் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை போர் போடும்போதும் பிளாக்கின் ஆயுளில் ஒரு பங்கு போகிறது. காரணம் தெரியாமல் போடும் போர் அந்தப் பங்கை வீணாக்குவது.

பிரிப்பதற்கு முன் காற்றுச் சோதனை

ஹெட்டிலோ பிளாக்கிலோ ஒரு நட்டைக் கழற்றும் முன்பே செய்ய வேண்டிய சோதனை இது. பிரித்த பிறகு செய்ய முடியாது, சாட்சி கலைந்துபோகும்.

டூ-ஸ்ட்ரோக் என்ஜினில், கிராங்க் சுழலும் அறையான சேம்பரும் ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது சேம்பருக்குள் வெற்றிடம் உண்டாகி, ரீட் வால்வ் வழியாகப் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வருகின்றன. சேம்பரில் எங்காவது ஓட்டை இருந்தால் கார்புரேட்டர் அளக்காத காற்று அதன் வழியாகப் புகுந்துவிடும். கலவை லீன் ஆகும், சூடு ஏறும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓட்டும் வண்டியாக இருந்தால் ஆயிலின் பங்கும் குறையும்.

சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பல்பும் வட்ட டயலும் போதும். அந்த டயலின் கடைசி எண் 300. அது ஏறத்தாழ 5.8 பி.எஸ்.ஐ.; நமக்கு வேண்டிய அழுத்தமும் அதுதான். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ஆயில் சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

சைலன்சரைக் கழற்றி எக்சாஸ்ட் வாயை ரப்பர் தகடும் இரும்புத் தகடும் வைத்து முறுக்கி அடையுங்கள். கார்புரேட்டரை எடுத்துவிட்டு, அது உட்காரும் வாயில் பல்பின் குழாயைப் பொருத்துங்கள். காற்றை இந்தப் பக்கமிருந்து கொடுப்பது முக்கியம். எக்சாஸ்ட் பக்கமிருந்து கொடுத்தால் உள்ளழுத்தத்தில் ரீட் வால்வ் மூடிக்கொள்ளும். அதற்கு வெளியே உள்ள ரப்பர் கழுத்தில் விரிசல் இருந்தாலும் தெரியாது. ஆயில் பம்பின் மெல்லிய குழாய் நுழையும் துளையையும் அடைத்துவிடுங்கள். பிளக் இருக்கட்டும், பிஸ்டன் கீழே நிற்கட்டும்.

அழுத்தம் ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தடவி நுரை எங்கே வருகிறது என்று தேடுங்கள்: ஹெட், பிளாக்கின் அடிப் பேக்கிங், ரீட் வால்வ் பேக்கிங், ரப்பர் கழுத்து, இரண்டு சேம்பர்களும் சேரும் கோடு. இடப்பக்க மேக்னட்டைக் கழற்றினால் அதன் பின்னால் உள்ள சீலையும் பார்க்கலாம். வலப்பக்கச் சீல் கிளட்சுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. கியர் ஆயில் ஊற்றும் துளையில் சோப்புப் படலம் போட்டுப் பாருங்கள். படலம் உப்பினால் அந்தச் சீல் போய்விட்டது.

இரண்டு சீல்களும் கெடும்போது காட்டும் குணம் வேறு வேறு. மேக்னட் பக்கச் சீல் போனால் வெளிக்காற்று புகும்; ஐட்லிங் ஏறி நிற்கும், ஆக்சிலேட்டரை மூடினாலும் ஆர்.பி.எம். உடனே இறங்காது, கடைசியில் சீஸ். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்படும். அடர்ந்த வெள்ளைப் புகை, கறுத்து நனைந்த பிளக், குறைந்துகொண்டே போகும் கியர் ஆயில். ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் நின்று மறுபடி ஓட ஆரம்பித்த வண்டிகளில் சீலின் உதடு காய்ந்து கெட்டியாகியிருக்கும். அப்படிப்பட்ட வண்டி சீஸ் ஆனால் என் சந்தேகம் முதலில் போவது மேக்னட் பக்கம்தான்.

பிஸ்டனைப் படிப்பது

ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றியதும் சேம்பர் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். பிஸ்டன் பின் லாக் தெறித்து உள்ளே விழுந்தால் அதை எடுக்கவே முழு என்ஜினையும் பிரிக்க நேரிடும். பிஸ்டனை எடுத்தவுடன் துடைக்காதீர்கள், பெட்ரோலில் கழுவாதீர்கள். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று குறித்துவைத்துக்கொண்டு நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

எக்சாஸ்ட் பக்கம் மட்டும் ஸ்கர்ட்டில் அலுமினியம் இழுபட்டிருந்தால் அது சூடு. கலவை லீன், அல்லது ஆயில் குறைவு, அல்லது இரண்டும். காற்றுச் சோதனையில் கசிவு தெரிந்திருந்தால் இங்கே அது உறுதிப்படும். கசிவே இல்லையென்றால் தேட வேண்டிய இடம் கார்புரேட்டரும் ஆயில் பம்பும்.

சுற்றிலும் நான்கு இடங்களில், பின் துளைக்கு இரு புறமும் ஒரே மாதிரி கீறல் இருந்தால் பிஸ்டன் போரைவிட வேகமாக விரிந்திருக்கிறது. என்ஜின் சூடேறும் முன்பே முறுக்கியிருக்கலாம், அல்லது போன முறை போர் போட்டவர் இடைவெளி போதாமல் விட்டிருக்கலாம். புது போர் போட்டுச் சில நாளிலேயே சீஸ் ஆன வண்டியில் பெரும்பாலும் இந்த நான்கு கீறலையே பார்ப்பீர்கள்.

பிஸ்டன் தலையின் விளிம்பு மணல் வாரியடித்தது போலப் பொறிபொறியாக இருந்தால் அது நாக்கிங். தலையில் ஓட்டையே விழுந்திருந்தால் டைமிங் முந்தியிருக்கிறது, அல்லது வண்டிக்குப் பொருந்தாத சூடான பிளக் போட்டிருக்கிறது. இரண்டையும் சரிபார்க்காமல் புது பிஸ்டனை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள்.

மண்ணில் ஓட்டும் வண்டிக்கென்றே ஒரு நோய் உண்டு. ஸ்கர்ட்டின் கார்புரேட்டர் பக்கம் பளபளப்பு போய், மங்கலாக, மயிரிழைக் கோடுகள் நெடுக விழுந்திருக்கும். ரிங் கத்தி முனையாகத் தேய்ந்திருக்கும். இது தூசி. வேகம் குறைந்து, கிக் லேசாகி, பிஸ்டன் தட்டும் சத்தம் வந்து, கடைசியில் ஒரு நாள் உடைந்து நிற்பது இப்படித்தான். உடனே ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு *உட்புறம்*, கார்புரேட்டர் பக்கக் குழாயில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் வேறு விசாரணை தேவையில்லை. "சத்தம் நல்லா இருக்கும்" என்று ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் கொன்ற என்ஜின்கள் ஏராளம். ஃபோம் ஃபில்டரை ஒவ்வொரு மண் ஓட்டத்துக்குப் பிறகும் கழுவிக் காயவைத்து, ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். உலர்ந்த ஃபோம் நுண்தூசியை நிறுத்தாது.

பெட்ரோலும் ஆயிலும்

இந்த வண்டியின் ஜெட் அளவுகள் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக முடிவு செய்யப்பட்டவை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட் இப்போது தருவது முன்பைவிட லீனான கலவை. தெருவில் ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது. முழு ஆக்சிலேட்டரில் நீண்ட நேரம் ஓட்டும்போது தெரியும். மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றிப் போட்டு, பிளக்கின் நிறம் பார்த்து முடிவு செய்யுங்கள். காப்பிப்பொடி நிறம் சரி, வெள்ளை ஆபத்து.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற டேங்கில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அந்த அடித் திரவத்தில் ஆயில் இருக்காது. பெட்ரோல் டேப் வழியாக முதலில் இறங்குவதோ அதுதான். ஆயில் கலந்து ஓட்டுகிறவர்களுக்கு இது மோசமான நிலைமை. நின்ற வண்டியின் பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கம்பெனி பொருத்திய ஆயில் பம்ப் இருந்தால் அதன் குழாயில் காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது. ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்ந்து பம்ப் லீவர் அசைகிறதா, குறிகள் சேர்கின்றனவா என்று பாருங்கள். பல வண்டிகளில் பம்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே ஆயில் கலக்கிறார்கள். அதிலும் தவறில்லை, அளவு தவறாத வரை. லிட்டருக்கு 40 மில்லி என்றால் 25-க்கு 1. மண்ணில் ஓட்டுவதற்கு 30 மில்லிக்குக் கீழே நான் போகமாட்டேன். அளவுக் குப்பி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் ஊற்றுவது வேண்டாம்.

கீழ் வேலை: கிராங்க்

மேலே மட்டும் வேலை பார்த்தால் போதுமா, என்ஜினை இறக்க வேண்டுமா? ராட்டை இரு கைகளாலும் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் துளி ஆட்டம்கூடக் கூடாது. பக்கவாட்டில் ராட்டின் மேல் முனை கொஞ்சம் ஆடும், 0.8 முதல் 1 மி.மீ. வரை இயல்பு, 2 மி.மீ.யைத் தாண்டினால் ராட் கிட் மாற்ற வேண்டும். கிராங்கை மெல்லச் சுற்றும்போது கரகரப்பு இருந்தால் பேரிங் போய்விட்டது. உரிந்த அலுமினியத் துகள் சேம்பரில் தெரிந்தாலும் இறக்கத்தான் வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் கவிழ்த்தால் பேரிங்குக்குள் போனது வெளியே வராது.

பிரிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேக்னட்டுக்குப் புல்லர் கட்டாயம். சுத்தியலால் தட்டினால் கிராங்க் முனை போகும். பக்க மூடியின் திருகுகளுக்கு இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கை வைக்காதீர்கள், தலை வழுக்கிவிடும். சேம்பர்களைப் பிரிக்க இணைப்புக் கோட்டில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் அந்த வடு ஆயுளுக்கும் கசியும். கியர்பாக்ஸ் நன்றாக மாறிக்கொண்டிருந்தால் ஷாஃப்ட்களைக் கலைக்காமல் ஒரே கட்டாக எடுத்து வையுங்கள். வாஷர்களின் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிராங்க் பிரஸ்ஸில் வைத்து அழுத்திச் சேர்த்தது. வேகத்தில் திடீரென்று சீஸ் ஆகும்போது கிராங்கின் இரண்டு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று மயிரிழை திருகிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, பேரிங்கையும் சீலையும் தின்னும், நடுக்கம் வரும். புது ராட் போட்டாலும் போடாவிட்டாலும், இரண்டு முனைகளையும் வி-பிளாக்கில் தாங்கி டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டம் 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் இல்லாமல் "கண்ணாலேயே நேர் பண்ணிடுவேன்" என்று சொல்லும் லேத்தில் கிராங்கைக் கொடுக்காதீர்கள். மேக்னட்டின் அரை நிலாக் கீயையும் பாருங்கள். சீஸ் அடித்த அடியில் அது பாதி வெட்டுப்பட்டிருந்தால் டைமிங் மாறியிருக்கும்.

கிராங்க் பேரிங் வாங்கும்போது சி3 என்று பொறித்ததையே கேளுங்கள். சூட்டில் விரிய இடம் விட்டுச் செய்தது அது. சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ஒரே பெயரில் பல தரங்கள் கிடைக்கும். பேரிங்கிலும் சீலிலும் விலை பேசிக் குறைப்பது வீண். சேம்பரை ஏறக்குறைய 100 டிகிரிக்குச் சூடாக்கி, தண்ணீர் தெளித்தால் சுரீர் என்று வற்றும் பதத்தில், ஃபிரீசரில் வைத்த பேரிங்கைப் போட்டால் அடிக்காமலே உட்காரும். சீல் உதட்டில் கிரீஸ் தடவுங்கள். அதன் ஸ்பிரிங் பக்கம் சேம்பரைப் பார்த்திருக்கட்டும். சேம்பர் இணைப்புக்குப் பெட்ரோல் தாங்கும் பசையை மெல்லிசாகத் தடவுங்கள். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறிப் பிதுங்கி உள்ளே போகும்.

போர், பிஸ்டன், மூடுவது

போரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில், முன்பின்னும் பக்கவாட்டிலும் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள் இருந்து, ஒட்டிய அலுமினியம் எமரியிலேயே போய்விட்டால் ஹானிங்கோடு அதே அளவில் மீளலாம். போர் போட்டே ஆக வேண்டுமென்றால் கோடு போகும் அளவுக்குள் மிகச் சிறிய ஓவர்சைஸ். நேரே 1.00-க்குப் போனால் 98 சி.சி. 102 ஆகிறது, அந்த 4 சி.சி.க்காக எஞ்சிய ஆயுளை விற்காதீர்கள்.

முதலில் பிஸ்டனை வாங்கி, அதை லேத்தில் கொடுத்து, அதற்கேற்பப் போர் போடச் சொல்லுங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். பிஸ்டனை ஸ்கர்ட்டின் அடியிலிருந்து 10 மி.மீ. மேலே, பின்னுக்குக் குறுக்காக அளக்க வேண்டும். பிஸ்டன் தயாரிப்பாளர் இடைவெளி குறிப்பிட்டிருந்தால் அதுவே அளவு, இல்லாவிட்டால் 0.04 முதல் 0.05 மி.மீ. வரை விடலாம்.

போர் முடிந்து வரும் பிளாக்கில் விரலை விட்டுப் போர்ட் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் திருப்பிக் கொடுத்து ஓரம் மழுக்கி வாங்குங்கள். இதைச் செய்யாமல் விட்ட பிளாக்கில் ரிங் போர்ட்டில் மாட்டி உடையும். பிறகு பிளாக்கை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பெட்ரோல் மட்டும் போதாது, ஹானிங் தூள் நுண்கோடுகளில் தங்கிவிடும். ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும்.

ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள்: 0.15 முதல் 0.35 மி.மீ. பிஸ்டன் தலையின் அம்புக்குறி எக்சாஸ்டைப் பார்க்க வேண்டும். ரிங் வாய் காடியில் உள்ள சிறு ஊசி மேல் சரியாக உட்கார வேண்டும். பின் லாக் எப்போதும் புதிது. பின் ஏறவில்லையென்றால் பிஸ்டனைச் சூடாக்குங்கள். அடித்தால் ராட் வளையும். ஹெட் நட்டுகளைக் குறுக்காக, மூன்று தவணையில், டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். பாயிண்ட் உள்ள வண்டியில் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ.; டைமிங்கைப் பிளக் துளையில் டயல் கேஜ் வைத்து சர்வீஸ் புத்தக அளவுக்கு நிறுத்துங்கள். மூடியதும் காற்றுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். முள் நிற்காமல் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

பழக்குவது

முதல் ஸ்டார்ட்டில் சில நிமிடம் ஓடவிட்டு, சிலிண்டரைத் தொட முடியாத சூடு வந்ததும் நிறுத்தி, முழுக்க ஆறவிடுங்கள். மூன்று முறை இப்படி. ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி பாருங்கள். ஆயில் பம்ப் இருந்தாலும் முதல் டேங்குக்கு லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்தே ஊற்றுங்கள்; பம்ப் காற்று பிடித்திருந்தாலும் என்ஜின் தப்பும்.

முதல் 500 கிலோமீட்டருக்கு முழு ஆக்சிலேட்டர் கிடையாது. ஒரே வேகத்தில் நீளமாகவும் ஓட்டாதீர்கள். ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஆயில் கலந்து ஓட்டும் வண்டியில் ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆக்சிலேட்டரை மூடியபடி என்ஜின் பிரேக்கிலேயே இறங்குவது புது பிஸ்டனுக்குப் பட்டினி. இடையிடையே கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள்.

500 கிலோமீட்டர் முடிந்ததும் சைலன்சரைக் கழற்றி, எக்சாஸ்ட் வாய் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனையும் ரிங்கையும் பாருங்கள். ஸ்கர்ட்டில் நெடுங்கோடு இல்லாமல், ரிங் முகம் சுற்றிலும் ஒரே மாதிரி மின்னினால் பட்டன் டயரை மாட்டி மண்ணுக்குப் போகலாம். கோடு தெரிந்தால் போகாதீர்கள். காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது, காற்றுச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.